ஸ்பிளெண்டருக்கு 53 பிஸ்டன்: அளந்து பூட்டிய கதை

50 மில்லிமீற்றர் பிஸ்டனோடு வந்த பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர் எஞ்சினுக்கு 53 மில்லிமீற்றர் பிக் போர் கிட் (பெரிய துளையுள்ள சிலிண்டரும் அதற்கேற்ற பிஸ்டனும் சேர்ந்த தொகுதி) வாங்கித் திருப்பிப் பூட்டிய வேலையைப் பற்றியது இந்தப் பதிவு. கழற்றியதைப் பற்றி எழுதப்போவதில்லை. கழற்றத் தெரிந்த ஆக்கள் வன்னியில் சந்திக்குச் சந்தி இருக்கிறார்கள். பூட்டும்போது எதை எதை அளக்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கிட் என்று பெட்டியில் வருவது அப்படியே எடுத்துப் போடும் சாமான் இல்லை, அளந்து சரிபண்ணிய பிறகுதான் அது எஞ்சினுக்குள் போகத் தகுதியாகிறது.

முதலில் கணக்கு. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 49.5 மில்லிமீற்றர். 50 போரின் (சிலிண்டர் துளையின் விட்டம்) வட்டப் பரப்போடு பெருக்கினால் 97.2 சிசி. அதே ஸ்ட்ரோக்கில் 53 போட்டால் 109.2 சிசி. கூடுவது 12 சிசி, அதாவது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. வண்டி பறக்கப்போவதில்லை, அதற்காகப் போடவும் இல்லை. விசுவமடுப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் செய்யும் வேலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: பின்னால் நெல் மூட்டை, இல்லாவிட்டால் உரம், இல்லாவிட்டால் தண்ணி இறைக்கும் பம்ப், அதோடு வாய்க்கால் கரையில் இருந்து மேலே ஏறும் இடத்தில் புழுதி மணல். மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் முதலாம் கியருக்கு இறங்கி கிளட்ச் தட்டைக் கருக்கிக்கொண்டு ஏறுவதுதான் இவ்வளவு நாளும் நடந்தது. பழைய சிலிண்டரும் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கியிருந்தது, எப்படியும் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்க) வேண்டும், சரி, அடிக்கிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டு இதைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

இதைவிடப் பெரிய கிட்டுகளும் விற்கிறார்கள். ஆனால் அவற்றுக்குக் கிராங்க் கேஸின் (சிலிண்டருக்கு அடியில் இருக்கும் எஞ்சின் கூட்டின்) வாயைக் கடைய வேண்டும், சிலிண்டரின் உள் ஸ்லீவும் மெல்லிசாகிவிடும். வெயிலில் பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு மெல்லிய ஸ்லீவ் கூடாது என்பது என் எண்ணம். சூடேறும்போது அது வட்டமாக நிற்காது. கேஸைத் தொடாமல் போடக்கூடிய அளவோடு நின்றுகொண்டேன். இன்னொன்று, வாகனப் பதிவுச் சான்றிதழில் சிசி எழுதியிருக்கும். மாற்றம் செய்கிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலே விசாரித்துக்கொண்டு செய்யுங்கள்.

காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு இரணைமடு வாய்க்காலில் தண்ணி திறக்குமுன் உள்ள இடைவெளிதான் இந்த வேலைக்குத் தோதான காலம். வண்டி நின்றாலும் வயல் வேலை நிற்காது. அதோடு சோளகக் காற்றும் தொடங்கவில்லை. காற்று எழும்பிவிட்டால் கிரவல் றோட்டுத் தூசி முழுக்க வீட்டு விறாந்தைக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் எஞ்சினைத் திறந்து வைத்திருப்பது பெரிய பிழை. நான் எஞ்சினைச் சட்டத்தில் இருந்து இறக்கி உள் அறையில் மேசையில் வைத்து, நிலத்துக்குத் தண்ணி தெளித்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

கழுவுவதில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். புதுச் சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் கோடுகள் (கல்லால் தேய்த்த கீறல்கள்) குறுக்கும் மறுக்கும் இருக்கும். அந்தக் கோடுகளுக்குள் கல்லின் துகள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்குப் போகும், துகள் போகாது. சுடுதண்ணியும் சோப்பும் போட்டு, பிரஷால் வடிவாக உரஞ்சிக் கழுவி, காய்ந்ததும் வெள்ளைத் துணியில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் தடவித் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் திரும்பவும் சோப்புத் தண்ணி. துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் இதைச் செய்யத்தான் வேண்டும். கழுவி முடிந்த உடனேயே ஒயில் பூசாவிட்டால் எங்கள் பக்கத்து ஈரக் காற்றுக்குச் சிலிண்டர் பார்த்துக்கொண்டிருக்கத் துருப்பிடிக்கும்.

கழுவிய சிலிண்டரையும் பிஸ்டனையும் கிளிநொச்சியில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனேன். போர் அளக்கும் டயல் கேஜ் வீட்டில் இல்லை, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியின் அடியில், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கொன்ரொட்டோடு பிணைக்கும் உருளை) போகும் துளைக்குக் குறுக்காக அளக்க வேண்டும், ஏனென்றால் பிஸ்டன் முழு வட்டம் இல்லை, மேலே ஒடுங்கியும் அடியில் விரிந்தும் இருக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி 0.035 மில்லிமீற்றர் வந்தது. காற்றில் குளிரும் சின்ன எஞ்சினுக்கு அது நல்ல அளவு. 0.02க்குக் கீழே இருந்திருந்தால் திரும்ப ஹோன் பண்ணச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது ரிங், பிஸ்டனைச் சுற்றிப் போடும் வளையம். இந்தப் பதிவில் ஒரு பந்தியை மட்டும் வாசிப்பவர்கள் இதை வாசியுங்கள். ரிங்கை பிஸ்டனில் போடுமுன் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் உள்ளே தள்ளி நேராக இருத்தி, அதன் இரண்டு நுனிக்கும் இடையிலுள்ள வெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) பார்க்க வேண்டும். என் கிட்டில் வந்த மேல் ரிங்கில் இருந்த இடைவெளி 0.10 மில்லிமீற்றர் மட்டும்தான். குளிர் எஞ்சினில் அது ஒரு குறையையும் காட்டாது, உதைத்தால் ஸ்டார்ட் வரும், சத்தமும் நல்லாக இருக்கும். பாரம் ஏற்றி வெயிலில் இழுக்கும்போது ரிங் சூட்டில் நீளும், இரண்டு நுனியும் ஒன்றோடொன்று முட்டும், அதற்குமேல் நீள இடமில்லாமல் சிலிண்டர் சுவரைப் பிடித்துக் கிழிக்கும். "புதுப் பிஸ்டன் போட்டும் எஞ்சின் பிடிச்சுப்போச்சு" என்று ஆக்கள் சொல்வதில் கனக்க இதனால்தான் வருகிறது, பழி மட்டும் ஒயிலுக்குப் போகிறது.

பொதுவான கணக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 53 மில்லிமீற்றர் என்பது 2 அங்குலத்துக்குச் சற்றுமேல், ஆகவே 0.21 மில்லிமீற்றர். நான் மேல் ரிங்கை 0.22க்கும் இரண்டாவதை 0.25க்கும் கொண்டுவந்தேன். மெல்லிய தட்டை அரத்தால், ஒரு நுனியை மட்டும், வெளிப்பக்கத்தில் இருந்து உள்பக்கமாக மட்டும் அராவ வேண்டும். இரண்டு பக்கமும் இழுத்தால் வெளி விளிம்பில் இருக்கும் பூச்சு பெயர்ந்துவிடும். இரண்டு மூன்று இழுவைக்கு ஒருதரம் சிலிண்டருக்குள் விட்டு அளக்க வேண்டும், கூட அராவிவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. கடைசியில் நுனியில் நிற்கும் பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்து எடுக்க வேண்டும்.

கிட்டில் இன்னொரு குறையும் இருந்தது. சிலிண்டர் அடியில் கசியாமல் போடும் பக்கிங்கை (கேஸ்கெட்) பழைய பக்கிங்கின் மேல் வைத்துப் பார்த்தபோது ஒயில் மேலே போகும் துளை பாதி மூடி இருந்தது. ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல் மூடிக்கு) ஒயில் போகும் ஒரே வழி அது. பாதி அடைபட்ட பக்கிங்கோடு பூட்டினால் வால்வுகளை அசைக்கும் கேம் ஷாப்டும் ரொக்கரும் கொஞ்ச நாளில் தேய்ந்து முடிந்துவிடும், காரணமும் வெளியே தெரியாது. கிட்டில் வரும் எந்தப் பக்கிங்கையும் கேஸின் மேல் வைத்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஹெட் பக்கிங்கும் 53 போருக்கு உரியதாகவே இருக்க வேண்டும். பழைய 50 பக்கிங்கின் உள் விளிம்பு நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், அது சிவந்து எரிந்து பெற்றோலைத் தன்பாட்டில் பற்றவைக்கும்.

பிறகு ஒத்திகை. ஒயில் பூசாமல், ஒத்திகைக்கென்றே வாங்கிய இன்னொரு ஹெட் பக்கிங்கோடு, எல்லாவற்றையும் ஒருதரம் பூட்டிப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் வால்வுக்குப் பள்ளம் இருக்கும் இடங்களில் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினை அப்பி, ஹெட்டை வைத்து, டைமிங் செயின் போட்டு, கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டுத் திருப்பித் திறந்தால் வால்வு அமுக்கிய தடம் இருக்கும். அதைப் பிளேட்டால் வெட்டி மொத்தத்தை (தடிப்பை) பார்த்தேன். மிக மெல்லிய இடத்திலும் 2 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது. ஒன்றரைக்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டியதுதான்.

அதே ஒத்திகையில் கம்ப்ரெஷனையும், அதாவது பிஸ்டன் உள்ளே இருப்பதை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதையும், அளந்தேன். பிஸ்டனின் ஓரத்தைக் கிறீஸால் அடைத்து, ஹெட்டைப் போட்டு, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை மேலே பார்க்கும்படி எஞ்சினைச் சரித்து, ஊசி போடும் சிரிஞ்சால் மெல்லிய ஒயிலைப் பிளக் மரையின் அடி வரைக்கும் நிரப்ப வேண்டும். உள்ளே போனது 12.2 சிசி. 109.2ஐயும் 12.2ஐயும் கூட்டி, 12.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.95. பழைய ஸ்பிளெண்டரில் இது 9தான். போர் பெருத்து, ஹெட்டின் குழி அப்படியே இருந்தால் கம்ப்ரெஷன் தானாகவே ஏறும், கிட் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

9.95ஐ 95 ஒக்டேன் பெற்றோலில் ஓட்டலாம். ஆனால் வன்னியில் எஞ்சின் கட்டுகிறவன் நல்ல எரிபொருள் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிக் கட்டக்கூடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கியதை ஒருவரும் மறக்கவில்லை, அந்த வரிசையில் நின்றவன் 92ஆ 95ஆ என்று கேட்டிருக்கமாட்டான். அதற்கு முந்தியது இன்னும் பெரிய கதை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் பெற்றோல் துளிக் கணக்கில்தான் இருந்தது, அந்தத் துளியை விட்டு ஸ்டார்ட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஜப்பானில் தபால்காரர் ஓடிய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் எங்கள் ஊர்களில் இன்றைக்கும் மதிப்போடு இருப்பதற்கு, அந்த எஞ்சின் எதையும் தாங்கி ஓடியதும் ஒரு காரணம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு, கம்ப்ரெஷன் கூடினால் நேரத்துக்கு முதல் பற்றி உள்ளே தட்டும். அந்தக் காலத்தில் வேலை பழகிய மெக்கானிக் அண்ணை ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார், என் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, மண்ணெண்ணெயில ஓடேக்க நாங்கள் அடியில ரெண்டு பக்கிங் போட்டுத்தான் தட்டுறதைக் குறைச்சனாங்கள். உனக்கு ரெண்டு தேவையில்லை. ஒண்டைக் கொஞ்சம் மொத்தமாப் போடு, காணும்."

"டைமிங் மாறாதே அண்ணை?"

"மயிரிழை பிந்தும். பாரம் இழுக்கிற வண்டிக்கு அது ஒண்டும் செய்யாது."

அவர் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 53 போரில் ஒவ்வொரு 0.1 மில்லிமீற்றர் உயரமும் 0.22 சிசி. அடிப் பக்கிங்கை 0.3 மில்லிமீற்றர் மொத்தமாக்கினால் 0.66 சிசி கூடும், குழி 12.86 ஆகும், கம்ப்ரெஷன் 9.5க்கு வரும். 92 பெற்றோலுக்கு அது தாராளம். அந்த மொத்தத்தில் பக்கிங் தாள் வாங்கி, கேஸின் அச்சை எடுத்து, ஒயில் துளையைச் சரியான இடத்தில் நானே வெட்டினேன், கிட்டின் பக்கிங் பிழையும் அதோடு தீர்ந்தது. அண்ணை போன்றவர்களிடம் இருக்கும் இந்த அறிவு எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

ஹெட்டில் வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உரசி, போர்ட்டுக்குள் பெற்றோல் ஊற்றிப் பார்த்தேன், கசியவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய தாளை விரித்து ஹெட்டின் முகத்தையும் சமன் பார்த்தேன். இது எல்லாரும் செய்வதுதான், நீட்டவில்லை.

இனி உண்மையான பூட்டு. கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொண்டுதான் பிஸ்டனைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பிஸ்டன் பின் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் விரலில் இருந்து துள்ளி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிளக்க வேண்டி வரும். பிஸ்டன் தலையில் ஆங்கிலத்தில் 'இன்' என்று அடித்திருக்கும் பக்கம் காபரேட்டர் பக்கம், இந்த எஞ்சினில் அது மேல் பக்கம். பிஸ்டன் பின்னுக்கு ஒயில் பூசித் தள்ளி, புதுச் சர்க்ளிப் போட்டு, அதன் வாய் பிஸ்டனில் இருக்கும் வெட்டுக்கு நேரே வராமல் திருப்பிவிட்டேன். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடுவது காசு மிச்சம் பிடிக்கும் இடம் இல்லை. ரிங்குகளில் எழுத்து இருக்கும் முகம் மேலே பார்க்க வேண்டும், மூன்றின் வாய்களும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி இருக்க வேண்டும், ஒயில் ரிங்கின் மெல்லிய தட்டுகள் இரண்டையும்கூட ஒரே இடத்தில் விடக்கூடாது.

சிலிண்டரை இறக்குவது இரண்டு பேரின் வேலை. மருமகன் சிலிண்டரைப் பிடிக்க நான் ரிங்குகளை விரலால் அமுக்கிக்கொடுத்தேன், டைமிங் செயினைக் கம்பி கட்டி வெளியே இழுத்து வைத்திருந்தோம். இந்தச் சிலிண்டரின் வாய் சரிவாக வெட்டியிருப்பதால் விரலே காணும். இறங்காமல் பிடித்தால் தட்டக்கூடாது, வெளியே எடுத்து எந்த ரிங் வெளியே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே ரிங் முறியும், முறிந்தது தெரியவும் தெரியாது. ஹெட்டை நேராக இருத்தும் டோவல் பின்களும் ஒயில் வழியில் வரும் ஓ-ரிங்கும் இடத்தில் இருக்கிறதா என்று ஹெட்டை வைக்குமுன் ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

ஹெட்டின் நட்டுகளில் வாஷர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. செப்பு வாஷர் ஒயில் ஏறும் ஸ்டட்டுக்கு உரியது, மாறிப் போட்டால் அந்த நட்டால் ஒயில் கசியும். கழற்றும்போது போனில் படம் எடுத்து வைத்திருந்தது இங்கே உதவியது. நட்டுகளை குறுக்காக, எதிரும் புதிருமாக, மூன்று தவணையாக டோர்க் ஸ்பனரால் இறுக்கினேன். அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் மொடலுக்குப் பார்த்துப் போடுங்கள். கைக்கணக்கில் இறுக்குபவர்கள் நல்ல மெக்கானிக்காகவே இருந்தாலும் அலுமினியத்தில் ஏறிய ஸ்டட் எத்தனை தரம் இழுபட்டது என்று கைக்குத் தெரியாது.

டைமிங்: மக்னட் சக்கரத்தை இடப்பக்கத்தில் இருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றி, 'டி' எழுத்துக் கோட்டைக் கேஸின் குறிக்கு நேரே நிறுத்த வேண்டும். கேம் பல்சக்கரத்தில் இருக்கும் வட்டக் குறி ஹெட்டின் வெட்டுக் குறிக்கு நேரே வர வேண்டும். செயினின் இழுபடும் பக்கம் தொய்வில்லாமல் இருக்கும்போது பார்த்தால்தான் சரி. ஒரு பல் மாறினாலும் வண்டி ஸ்டார்ட் வரும், ஆனால் இழுக்காது, பிறகு காபரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டு திரிய வேண்டி வரும். பூட்டிய பின் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திரும்பக் குறியைப் பார்த்தேன். டப்பட் (வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையிலுள்ள வெளி) இரண்டுக்கும் குளிரில் 0.05 மில்லிமீற்றர்.

எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றி, 10டபிள்யூ-30 ஒயில் விட்டு, பிளக் இல்லாமல் கிக்கரை மிதித்துக்கொண்டே இருந்தேன். டப்பட் மூடியைத் திறந்து வைத்திருந்தேன், ரொக்கருக்கு ஒயில் வந்து நனைவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் என்ஜிகே சி7எச்எஸ்ஏ பிளக்கைப் போட்டேன். ஒயில் மேலே வருவதைப் பார்க்காமல் ஸ்டார்ட் எடுக்காதீர்கள், அது வரும் என்று நம்புவது வேறு, வந்ததைக் காண்பது வேறு.

ஸ்டார்ட் வந்ததும் நின்ற இடத்தில் உறும விடவில்லை, அதிக நேரம் ஐட்லிங்கிலும் விடவில்லை. புது ரிங் சிலிண்டரோடு படிய அழுத்தம் வேண்டும், ஐட்லிங்கில் அது இல்லை, சூடு மட்டும்தான் ஏறும். கொஞ்சம் ஓடி, முழுக்க ஆறவிட்டு, திரும்ப ஓடி என்று தொடங்கினேன். ஏ-9 நெடுஞ்சாலையில் கிளிநொச்சியில் இருந்து முறிகண்டி வரைக்கும் போவது இதற்கு நல்ல வழி. அங்கே பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்கும், நாமும் நின்று கும்பிட்டு, கச்சான் வாங்கித் தின்று முடிக்க எஞ்சின் பாதி ஆறிவிடும். போகும்போது திரொட்டிலை ஒரே அளவில் பிடிக்காமல் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, கூட்டிக் குறைத்து ஓட வேண்டும். பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றவில்லை.

முதல் ஓட்டத்தில் பிளக் வெள்ளை வெளேரென்று வந்தது. 12 சிசி கூடக் காற்று இழுக்கும் எஞ்சினுக்குப் காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் பழைய மெயின் ஜெட்டின் பெற்றோல் காணாது, அப்படியே பாரம் இழுத்தால் பிஸ்டன் தலை உருகும். ஒவ்வொரு எண்ணாகப் பெரிய ஜெட் போட்டுப் பார்த்து, பிளக் செங்கல் நிறத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடினால் நல்லாக இழுக்கும் என்று சில பெடியள் சொன்னார்கள். எங்கள் றோட்டில் ஃபில்டர் இல்லாமல் ஓடுவது சிலிண்டருக்குள் அரத்தை விடுவது போலத்தான். ஃபில்டர் பெட்டியின் மூடிக்கு ரப்பர் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன்.

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளைத் திரும்ப டோர்க் பார்த்தேன், இரண்டு நட்டுக் கொஞ்சம் இடம் கொடுத்தது, பக்கிங் அமர்ந்திருக்கிறது. அதனால் டப்பட்டும் மாறியிருந்தது, திரும்ப 0.05க்கு வைத்தேன். 100 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றிவிட வேண்டும். இந்த எஞ்சினில் கடதாசி ஒயில் ஃபில்டர் இல்லை, சுழன்று அழுக்கைப் பிரிக்கும் கிண்ணமும் ஒரு வலையும்தான். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து அந்தக் கிண்ணத்தைத் துடைத்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படை இருந்தது, ரிங் படிந்த தூள். நகத்தில் தட்டுப்படும் துண்டு ஒன்றும் இல்லை. ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கிண்ணத்தை விட்டால் அந்தத் தூள் உள்ளேயே கிடக்கும்.

இப்போது ஒரு நெல் மூட்டையோடு வாய்க்கால் கரையை இரண்டாம் கியரில் ஏறுகிறது. ஒயில் குறையவில்லை, சிலிண்டர் அடியிலும் கசிவு இல்லை. பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது, 12 சதவீதம் பெருத்த எஞ்சினில் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். முன் ஸ்புரொக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் ஏ-9இல் எஞ்சின் இன்னும் ஆறுதலாக ஓடும், ஆனால் பாரம் இழுக்கும் பலம் அங்கேயே போய்விடும், பிரேக்கும் பழைய டிரம்தான், ஆகவே அதைத் தொடவில்லை. சிறுபோக அறுவடை முடிந்ததும் ஹெட்டைத் திறக்காமல் கம்ப்ரெஷன் கேஜ் மட்டும் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது.